எஞ்சின் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 4: ஆங்கில வாக்கியத்தில் முழு எழுவாயையும் தனி எழுவாயையும் கண்டுபிடிப்பது

தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து, "சார், ஒரு தடவ பாத்துத் தாங்க" என்றான். முதல் பத்தி சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. கடைசி வரியில் என் பேனா நின்றது: "தி லிஸ்ட் ஆஃப் மை சர்டிஃபிகேட்ஸ் ஆர் என்குளோஸ்டு." அதில் 'ஆர்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"சர்டிஃபிகேட்டு எட்டு இருக்கு சார். பன்மைக்கு ஆர்தானே?"

"கவருக்குள்ள என்ன மக்கா வச்சிருக்க?"

"லிஸ்ட்டு."

"எத்தன லிஸ்ட்டு?"

"ஒண்ணு..." என்று இழுத்தவன், நான் வாய் திறக்கும் முன்பே 'ஆர்' மேல் கோடு கிழித்து 'இஸ்' என்று எழுதினான்.

அவனுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர் என்பதெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே முடிந்த பாடம். அந்த ஒருமை பன்மையை எந்தச் சொல்லில் பார்ப்பது என்பதில்தான் சறுக்கினான். பட்டப்படிப்பு முடித்தவர்களும் அங்கேதான் சறுக்குகிறார்கள். வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் பல இந்த வழுக்குப் பாறையில்தான் வைக்கப்பட்டிருக்கும்.

தொடங்குமுன் ஓர் ஏற்பாடு. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பெல்லிங் தப்பினால் தப்பட்டும், அதற்கு வேறு அத்தியாயம் இருக்கிறது.

பையன் எழுதிய வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'என் சான்றிதழ்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.' இதில் யாராவது 'இணைக்கப்பட்டுள்ளன' என்று எழுதுவார்களா? எழுத மாட்டார்கள். ஏனென்றால் வினைக்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்பது 'பட்டியல்'. 'சான்றிதழ்கள்' அதற்கும் முன்னால், தள்ளி நிற்கிறது. தமிழில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் பெயருக்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறோம். எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் தலையான சொல் கடைசியில் வந்து நிற்கும். அதனால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்வது நம் காதுக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். அந்தப் பழக்கம் தமிழில் நம்மைக் கைவிட்டதே இல்லை. அதே காதோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். அங்கே வினைக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வால்.

நாகர்கோவில் சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். திருவனந்தபுரத்திலிருந்து வந்து இந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்து திருநெல்வேலி போகும் வண்டியில், வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு மறுமுனையில் எஞ்சின் மாட்டுவார்கள். டவுன் ஸ்டேஷன் வழியே போகும் வண்டிக்கு அந்த வேலை கிடையாது. பெட்டிகள் அவையேதான், பயணிகளும் அவர்களேதான். ஆனால் அதுவரை முன்னால் இருந்த பெட்டி பின்னால் போய்விடும். தெரியாதவர்கள் 'வண்டி வந்த வழியே திரும்புதே' என்று பதறுவார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுவாய்க்கும் இதுதான் நடக்கிறது. தமிழில் எஞ்சின் வினையை ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அதே எஞ்சின் மறுமுனைக்குப் போய்விடும். இடையில் பெட்டிகள் நீண்டு கிடக்கும்.

இனிப் பெயர்கள். 'தி லிஸ்ட் ஆஃப் மை சர்டிஃபிகேட்ஸ்' என்ற முழு ரயிலுக்கும் பெயர் முழு எழுவாய், ஆங்கிலத்தில் கம்ப்ளீட் சப்ஜெக்ட். அதில் 'லிஸ்ட்' என்ற எஞ்சினுக்குத் தனி எழுவாய், சிம்பிள் சப்ஜெக்ட். இந்தப் பெயர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் அதிகம் புழங்குபவை. நம் தாத்தாக்கள் நெஸ்ஃபீல்டு இலக்கணத்தில் படித்தபோது தலைச்சொல்லை நாமினேட்டிவ் என்றார்கள், அதோடு ஒட்டி வருவதை என்லார்ஜ்மென்ட் என்றார்கள். 'பெருக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும், ஆனால் பரீட்சைக்காரர்கள் அதைக் கேட்பதில்லை.

கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். முதலில் எழுவாயைத் தேடாதீர்கள். வினையைத் தேடுங்கள். வினை கிடைத்ததும் அதன் முன்னால் நின்று 'யார்?' அல்லது 'எது?' என்று கேளுங்கள். வரும் பதில் முழு எழுவாய். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம்.

"தி கிளாஸ் பிரிட்ஜ் பிட்வீன் தி டூ ராக்ஸ் இஸ் 77 மீட்டர்ஸ் லாங்."

வினை 'இஸ்'. எது 77 மீட்டர்? 'தி கிளாஸ் பிரிட்ஜ் பிட்வீன் தி டூ ராக்ஸ்'. இது முழு எழுவாய். சரியாகத்தான் வெட்டினோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு, இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்பவர்கள் இதை வையுங்கள். முழு எழுவாயை அப்படியே தூக்கிவிட்டு அந்த இடத்தில் 'இட்', 'தே', 'ஹி', 'ஷி' இவற்றில் ஒன்றைப் போடுங்கள். "இட் இஸ் 77 மீட்டர்ஸ் லாங்." வாக்கியம் நிற்கிறது. 'இட்' என்ற குட்டிச் சொல் எவ்வளவை விழுங்கியதோ அவ்வளவும் முழு எழுவாய். 'கிளாஸ் பிரிட்ஜ்' வரை மட்டும் தூக்கினால் 'இட் பிட்வீன் தி டூ ராக்ஸ் இஸ்' என்று தொண்டையில் முள் சிக்கும். அப்படியானால் வெட்டியது போதவில்லை.

அதே சோதனையிலேயே தனி எழுவாயும் கிடைத்துவிடும். ஏன் 'தே' போடாமல் 'இட்' போட்டீர்கள்? பாறைகள் இரண்டு, ஆனால் பாலம் ஒன்று. எந்தச் சொல்லைப் பார்த்து 'இட்' என்று முடிவு செய்தீர்களோ அந்தச் சொல் தனி எழுவாய். 'பிரிட்ஜ்.' பையனுடைய வரியில் 'இட் இஸ் என்குளோஸ்டு' என்றுதானே வரும்? அப்போது பார்த்த சொல் 'லிஸ்ட்'.

பரீட்சை அறையில் அவசரம் என்றால் வாலை வெட்டுங்கள். ஆஃப், இன், அட், ஆன், வித், ஃப்ரம், ஃபார், நியர், பிட்வீன் போன்ற சொற்களில் ஒன்று பெயருக்குப் பின்னால் வந்தால் அங்கிருந்து வால் தொடங்குகிறது என்று பொருள். ஹூ, விச், தட் வந்தாலும் அப்படியே. பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் நிற்கும் கடைசிப் பெயர்தான் எஞ்சின்.

கடைசிப் பெயர் என்று சொன்னதைக் கவனியுங்கள், முதல் பெயர் என்று சொல்லவில்லை. "தி நாகர்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீ ஷாப்ஸ் நியர் தி கேட் ஓப்பன் அட் ஃபோர்." 'நியர்' முன்னால் கோடு போட்டால் மிஞ்சுவது நாகர்கோவில், பஸ், ஸ்டாண்ட், டீ, ஷாப்ஸ். இதில் கடைசி 'ஷாப்ஸ்'. காலை நாலு மணிக்குத் திறப்பது பஸ்ஸோ ஸ்டாண்டோ அல்ல, கடைகள். எனவே 'ஓப்பன்', எஸ் சேர்க்காமல். வேடிக்கை என்னவென்றால், வாலுக்கு முன்னால் உள்ள பகுதி முழுக்கத் தமிழ் வரிசையிலேயே ஓடுகிறது. 'நாகர்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை' என்றுதானே நாமும் சொல்கிறோம். வால் தொடங்கிய பிறகுதான் ஆங்கிலம் தலைகீழாகிறது.

ஒரு நீள வாக்கியத்தைப் பொறுமையாக அறுத்துப் பார்ப்போம்.

"தி ஓல்ட் மேன் வித் டூ பாஸ்கெட்ஸ் ஆஃப் ஜாஸ்மின் ஃப்ரம் தோவாளை இஸ் வெயிட்டிங் ஃபார் தி ட்ரிவேண்ட்ரம் பஸ்."

வினை 'இஸ் வெயிட்டிங்'. யார்? 'தி ஓல்ட் மேன்' தொடங்கி 'தோவாளை' வரை. 'ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் தி ட்ரிவேண்ட்ரம் பஸ்' என்றால் வாக்கியம் நிற்கிறது. ஆக அது முழு எழுவாய். அதற்குள் மனிதர், கூடைகள், பூ, ஊர் என நாலு பெயர்கள். முதல் வால் 'வித்'தில் தொடங்குகிறது. அந்த வாலுக்குள் 'ஆஃப்' ஒரு குட்டி வால், அதற்குள் 'ஃப்ரம்' இன்னொன்று. பலாப்பழத்தில் சுளையைச் சுற்றிச் சடை இருப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்று. முதல் வாலில் வெட்டினாலே எல்லாம் போய்விடும். மிஞ்சுவது 'தி ஓல்ட் மேன்'. தனி எழுவாய் 'மேன்'.

இதையே நம் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். 'தோவாளப் பிச்சிப்பூ ரெண்டு கூடையோட நிக்கிற அந்த வயசான ஆளு திருவனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்காரு.' ஊர், பூ, கூடை, ஆள் என்று தமிழ் போகிறது. ஆள், கூடை, பூ, ஊர் என்று ஆங்கிலம் போகிறது. அதே நாலு பெட்டி, அச்சொட்டாகத் திருப்பிப் போட்டது. இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு மொழியிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, பெயருக்குப் பெயர் கோடு இழுத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டதும் சிரிக்காத பிள்ளை இல்லை.

படம் வரையப் பிடிக்கும் என்பவர்களுக்கு இன்னொரு வழி. அலோன்சோ ரீட், பிரெய்னெர்ட் கெல்லாக் என்ற இரு அமெரிக்க ஆசிரியர்கள் 1877இல் வெளியிட்ட 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்' புத்தகம் வாக்கியத்தைப் படமாக வரையச் சொல்லிக்கொடுத்தது. ஒரு படுக்கைக் கோடு. அதைக் குறுக்கே வெட்டும் ஒரு செங்குத்துக் கோடு. வெட்டுக்கு இடப்பக்கம் தனி எழுவாய் மட்டும் உட்காரும், வலப்பக்கம் வினை. அவற்றை விவரிக்கும் சொற்களெல்லாம் கொடியில் போட்ட துணிபோலக் கீழே சாய்கோடுகளில் தொங்கும். நம் வாக்கியத்தில் கொடிமேல் இருப்பது 'மேன்', 'இஸ் வெயிட்டிங்' இரண்டுதான். கூடையும் பூவும் தோவாளையும் 'மேன்' அடியில் தொங்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்தப் படம் ரொம்பவே உதவுகிறது என்பது என் அனுபவம். அதில் பக்கத்துச் சொல் என்ற மயக்கத்துக்கே இடமில்லை.

மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் 1809இல் தொடங்கிய பள்ளி நாகர்கோவிலுக்கு வந்து வளர்ந்து, பின்னால் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்த மாவட்டம் பள்ளிக்கூடத்தோடும் ஆங்கிலத்தோடும் பழகுகிறது. அப்படியிருந்தும் ஒரு பிழை மட்டும் தலைமுறை தவறாமல் வந்து சேர்கிறது: "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஆர் இன் துபாய்." இதில் பிழை ஒன்றல்ல, இரண்டு. 'என் நண்பர்களில் ஒருவன்' என்பதில் நண்பர்கள் பலர், எனவே 'ஃபிரெண்ட்ஸ்'. துபாயில் இருப்பவன் ஒருவன், எனவே 'இஸ்'. "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் இன் துபாய்." 'ஆஃப்' முன்னால் பென்சில் கோடு போட்டால் தனியாக நிற்பது 'ஒன்'. தமிழில் 'ஒருவன்' வினைக்குப் பக்கத்தில் நின்று நம்மைக் காப்பாற்றுகிறான். ஆங்கிலத்தில் அவன் மறுமுனையில் இருக்கிறான்.

'ஈச் ஆஃப்', 'நைதர் ஆஃப்' எல்லாம் இதே குடும்பம். "ஈச் ஆஃப் தி மியூசிக்கல் பில்லர்ஸ் அட் சுசீந்திரம் ஹேஸ் இட்ஸ் ஓன் சவுண்ட்." இசைத்தூண்கள் பல, ஆனால் 'ஈச்' என்றவுடன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறோம். அதனால் 'ஹேஸ்'.

அடுத்து 'அலாங் வித்'. கடலுக்குள் நிற்கும் திருவள்ளுவர் சிலையின் உயரம் 95 அடி. பீடம் 38 அடி. கூட்டினால் குறளின் அதிகாரக் கணக்கு, 133. இதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். "தி ஸ்டாச்யூ, அலாங் வித் இட்ஸ் பெடஸ்டல், இஸ் 133 ஃபீட் டால்." இங்கே பீடம் வாலில் போய்விட்டது, எழுவாய் சிலை மட்டும், ஆகவே 'இஸ்'. "தி ஸ்டாச்யூ அண்ட் தி பெடஸ்டல் டுகெதர் ஆர் 133 ஃபீட் டால்." இங்கே 'அண்ட்' இரண்டையும் ஒரே கொடியில் கட்டிவிட்டது. தனி எழுவாய் இரண்டு, ஆகவே 'ஆர்'. கல்லும் கணக்கும் மாறவில்லை, கட்டிய கயிறுதான் வேறு. 'அஸ் வெல் அஸ்', 'டுகெதர் வித்' என்பவையும் வால் கட்டும் கயிறுகளே.

'அண்ட்' வந்தால் எப்போதும் பன்மையா என்று கேட்பீர்கள். ராத்திரிக் கஞ்சியும் பயறும் ஒரே சாப்பாடு, "கஞ்சி அண்ட் பயறு இஸ் மை சப்பர்." எங்கள் வகுப்பு அலமாரியில் அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம் ஒன்று இருக்கிறது, "ரென் அண்ட் மார்ட்டின் இஸ் ஆன் தி ஷெல்ஃப்." புத்தகத்தைச் சொன்னால் இஸ், எழுதிய இரண்டு பேரைச் சொன்னால் வேர். அந்த ரென் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலும் எழுதியவர் என்பதை அறியாமலேயே நம் ஊரில் பல தலைமுறைகள் அவரைத் திட்டித் தீர்த்திருக்கின்றன.

வினையைத் தேடும்போது ஒரு கண்ணி உண்டு. "தி மென் ஹூ டேப் தி ரப்பர் ட்ரீஸ் நியர் குலசேகரம் ஸ்டார்ட் பிஃபோர் டான்." இதில் 'டேப்', 'ஸ்டார்ட்' என இரண்டு வினைகள். எது தலைமை? 'ஹூ' என்ற சொல்லோடு ஒட்டிய வினை வாலுக்குச் சொந்தம். தமிழில் அது 'வெட்டுகிற' என்று எச்சமாகக் கரைந்துவிடும். 'ரப்பர் வெட்டுகிற ஆட்கள் விடியுமுன் தொடங்குகிறார்கள்.' எந்த வினை தமிழில் எச்சமாகிறதோ அதை விடுங்கள், முற்றாக நிற்பதைப் பிடியுங்கள். நம் மொழி நமக்குச் செய்யும் உதவி இது. வேண்டியவர்கள் 'தே ஸ்டார்ட் பிஃபோர் டான்' என்று சோதித்துக்கொள்ளலாம்.

அதே ரப்பர் தோட்டத்தில் இன்னொன்று. "டேப்பிங் ரப்பர் ட்ரீஸ் நீட்ஸ் எ ஸ்டெடி ஹேண்ட்." மரங்களுக்குக் கை நிதானம் வேண்டாம், வெட்டுகிற வேலைக்குத்தான் வேண்டும். பட்டையில் வெட்டு கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும் என்பது பால்வெட்டுக்காரருக்குத் தெரியும். தனி எழுவாய் 'டேப்பிங்'. 'வெட்டுதல்' என்ற தொழிற்பெயர், எனவே ஒருமை.

இனி வினைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எழுவாய். "தேர் ஆர் டூ க்ராப்ஸ் இன் எ இயர் இன் நாஞ்சில்நாடு." முதலில் நிற்கும் 'தேர்' எழுவாய் அல்ல, துண்டு போட்டுப் பிடித்த சீட்டு. உண்மையான ஆள் பின்னால் வருகிறார்: 'டூ க்ராப்ஸ்', கன்னிப்பூவும் கும்பப்பூவும். அதனால்தான் 'ஆர்'. "இன் தி மிடில் ஆஃப் நாகர்கோவில் ஸ்டாண்ட்ஸ் எ கிளாக் டவர்." நிற்பது எது? மணிமேடை. அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் எழுவாய் முன்னால் வந்துவிடும். கேள்வி வாக்கியத்துக்கும் அதே வைத்தியம். "டஸ் தி லாஸ்ட் பஸ் டு மார்த்தாண்டம் ஸ்டாப் ஹியர்?" இதைப் பதிலாக்குங்கள்: "தி லாஸ்ட் பஸ் டு மார்த்தாண்டம் ஸ்டாப்ஸ் ஹியர்." தனி எழுவாய் 'பஸ்'.

இதுவரை சொன்னது இருக்கும் எழுவாயைக் கண்டுபிடிக்க. நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல், எழுவாயையே விட்டுவிடுவது. 'நேத்து வந்தாரு, பாத்தாரு, போயிட்டாரு.' யார் வந்தார் என்று சொல்லவேயில்லை, ஆனால் வந்தவர் ஒருவர், மரியாதைக்குரியவர் என்பது வினையின் வாலிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தின் 'கேம்' என்ற வினையில் அப்படி எதுவும் தெரியாது. நான் வந்தாலும் கேம், நாடே வந்தாலும் கேம். குழித்துறை தாண்டி மலையாளம் காதில் விழும் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு. வினை வாயைத் திறக்காது. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. உட்கார ஆள் இல்லையென்றாலும் ஒரு பொம்மையையாவது உட்கார வைத்துவிடுவார்கள். "இட் இஸ் ரெய்னிங்." எது பெய்கிறது? 'இட்.' அந்த 'இட்' யார் என்று கேட்காதீர்கள். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவ மழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. 'மழை பெய்யுது' என்று நாம் எழுவாயோடு சொல்கிற அழகு ஆங்கிலத்துக்கு வாய்க்கவில்லை, போகட்டும்.

வெளிநாடு போகிற நர்ஸ் பிள்ளைகள் இங்கே கவனிக்க வேண்டும். நோயாளியின் சார்ட்டில் 'ஹேட் ஃபீவர் அட் நைட்' என்று எழுவாய் இல்லாமல் குறிப்பது அந்தத் தொழிலின் சுருக்கெழுத்து. அதே பழக்கத்தில் தேர்வில் கேட்கும் கடிதத்திலும் எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'ஷி ஹேட் ஃபீவர்' என்று நாற்காலியில் ஆளை உட்கார வையுங்கள்.

இன்னொரு வகை உண்டு. 'எனக்குப் பசிக்குது', 'அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்', 'எங்களுக்கு ரெண்டு வயலு இருக்கு.' இவற்றில் எனக்கு, அவளுக்கு, எங்களுக்கு எல்லாம் 'கு' உருபு ஏற்ற நான்காம் வேற்றுமை. தமிழில் எழுவாய் உருபு ஏற்காது, அதனால் இவை எழுவாய் ஆகா. இந்தப் பாகுபாடு தொல்காப்பியத்திலிருந்தே வருகிறது. அந்த நூல் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த ஆசான் பெயரில் உள்ள ஊர் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்பது நம் பக்கத்தாரின் பெருமை. ஆக, எழுவாயைத் தேடுவது நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. ஆங்கிலம் மட்டும் இந்த 'கு' ஆட்களையெல்லாம் இழுத்து முதல் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஷி நோஸ் இங்கிலீஷ்', 'வி ஹேவ் டூ ஃபீல்ட்ஸ்.' யாருக்கு என்று தமிழ் கேட்கும் இடத்தில் பல நேரம் யார் என்று ஆங்கிலம் கேட்கும். பசிப்பவரைக் கண்டுபிடித்து முன்னால் கொண்டுவாருங்கள்.

ஏவல் வாக்கியத்தில் மட்டும் நாற்காலி காலியாக இருக்க அனுமதி உண்டு. 'கம் ஹியர்' என்றால் எதிரில் இருக்கும் 'யூ' எழுவாய். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

விதிக்கு அடங்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'எ லாட் ஆஃப்', 'மோஸ்ட் ஆஃப்', 'ஹாஃப் ஆஃப்' வந்தால் வாலை வெட்டாதீர்கள், அங்கே வால்தான் ராஜா. ஓணம் நெருங்கும்போது "எ லாட் ஆஃப் ஃப்ளவர்ஸ் கோ டு கேரளா." அணை நிறையும்போது "எ லாட் ஆஃப் வாட்டர் கோஸ் டு தி சீ." பூ எண்ணக்கூடியது, நீர் எண்ண முடியாதது, வினை அதைப் பார்த்து மாறுகிறது. 'எ நம்பர் ஆஃப்' என்றால் பன்மை, 'தி நம்பர் ஆஃப்' என்றால் ஒருமை. ஆரல்வாய்மொழி வழியே பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்லிப் பழகுங்கள்: "எ நம்பர் ஆஃப் விண்ட்மில்ஸ் ஆர் டர்னிங்", "தி நம்பர் ஆஃப் விண்ட்மில்ஸ் இஸ் லார்ஜ்." இதற்கு நியாயம் கேட்டால் நெடுநேரம் பேசலாம். மனப்பாடம் செய்வது சுலபம்.

பயிற்சிக்கு ஆறு வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் முழு எழுவாய்க்கு அடிக்கோடு, தனி எழுவாய்க்கு வட்டம்.

1. தி வாட்டர் இன் தி சேனல்ஸ் ஆஃப் நாஞ்சில்நாடு கம்ஸ் ஃப்ரம் தி ஹில்ஸ்.
2. ஒன் ஆஃப் தி போட்ஸ் ஃப்ரம் சின்னமுட்டம் ஹேஸ் நாட் ரிட்டர்ன்ட்.
3. அரௌண்ட் தி பேலஸ் அட் பத்மநாபபுரம் ரன்ஸ் எ கிரானைட் வால்.
4. தி விமென் ஹூ செல் ஃபிஷ் அட் தி வடசேரி மார்க்கெட் நோ மை மதர்.
5. வெயிட்டிங் ஃபார் பஸஸ் மேக்ஸ் ஹிம் ஆங்ரி.
6. க்ளோஸ் திஸ் புக் அண்ட் ரைட் தி ஆன்சர்ஸ்.

முதலாவதில் 'தி வாட்டர்' தொடங்கி 'நாஞ்சில்நாடு' வரை அடிக்கோடு, வட்டம் 'வாட்டர்' மேல். 'சேனல்ஸ்' மேல் வட்டம் போட்டவர்கள் ரயில் பத்தியை மறுபடி படியுங்கள். இரண்டாவதில் 'சின்னமுட்டம்' வரை முழு எழுவாய், தனி எழுவாய் 'ஒன்', திரும்பாதது ஒரே ஒரு படகு. மூன்றாவது திருப்பிப் போட்ட வாக்கியம்: எழுவாய் 'எ கிரானைட் வால்', வட்டம் 'வால்' மேல். அது மதில்சுவர், நாம் இதுவரை வெட்டிய வால் அல்ல. நான்காவதில் 'செல்' எச்சமாகக் கரையும் வினை, 'நோ' தலைமை வினை, எழுவாய் 'மார்க்கெட்' வரை நீளும், வட்டம் 'விமென்'. ஐந்தாவதில் கோபமூட்டுவது பஸ்கள் அல்ல, காத்திருப்பது: 'வெயிட்டிங் ஃபார் பஸஸ்' முழு எழுவாய், 'வெயிட்டிங்' தனி எழுவாய்.

ஆறாவதில் எழுவாயைத் தேடி இன்னும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: அது நீங்கள்தான்.